முதல் பத்து நிமிடம்

பர்மா விடுதலை பெற்ற 1948 ஜனவரி 4ஆம் தேதியன்றே அந்த நாட்டின் தலைமைக் கணக்கு அதிகாரியாக ஊ பா கின் பதவியேற்றார். குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்து அந்த நாற்காலி வரை உயர்ந்தவர் அவர். வீட்டில் மனைவி, பிள்ளைகள்; அலுவலகத்தில் மலைபோல் கோப்புகள். அவர் ரங்கூனில் தன் அலுவலகத்திலேயே ஓர் அறையைத் தியானத்துக்கென்று ஒதுக்கினார். ஊழியர்கள் அங்கே உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கப் பழகினார்கள். 1952இல் அதே நகரில் ஒரு தியான மையத்தைத் தொடங்கினார். அதன் பிறகும் பல ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தார். சில காலம் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளைக் கூடக் கவனித்தார்.

அவரிடம் 1955இல் வந்து சேர்ந்தவர் மாண்டலேயில் பிறந்த இந்திய வம்சாவளித் தொழிலதிபர் எஸ்.என். கோயங்கா. கடுமையான ஒற்றைத் தலைவலிக்காக மார்பின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலைமைக்கு வந்திருந்தார். வெளிநாட்டு மருத்துவர்களையும் பார்த்துவிட்டார், பலன் இல்லை. தலைவலி தீர வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு வருபவரைச் சேர்த்துக்கொள்ள ஊ பா கின் முதலில் தயங்கினார். மனத்தைச் சுத்தம் செய்துகொள்ள வாருங்கள், உடம்புக்கு வரும் நன்மை அதன் உபபலனாக வரட்டும் என்பது அவர் நிலை. கோயங்கா தங்கினார், பழகினார், 14 ஆண்டுகள் ஆசிரியரின் அருகிலேயே கற்றார். 1969இல் இந்தியா வந்து அதையே விபாசனா என்ற பெயரில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க நடக்கும் பத்து நாள் முகாம்களின் தொடக்கம் அது.

இந்த வரலாற்றை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தியானம் என்றதும் மலைக்குகை, காவி, நீண்ட தாடி என்று ஒரு படம் மனத்தில் வந்துவிடுகிறது. வேலை, குடும்பம், கடன் தவணை என்று ஓடிக்கொண்டிருப்பவர் ‘இது நமக்கில்லை, ஓய்வு பெற்ற பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார். தணிக்கைக் கணக்கு பார்த்தவரும் ஆலை நடத்தியவரும்தான் அண்மைக் காலத்தில் இந்தப் பயிற்சியை வீடுகளுக்குள் கொண்டுவந்தவர்கள். தமிழ்நாட்டில் மனவளக்கலையை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷியும் கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, நெசவுத் தொழில் நடத்தி, இல்லறத்தில் இருந்தவர்தான்.

ஆகவே நேரம் இருக்கிறதா, தகுதி இருக்கிறதா என்ற கேள்விகளை ஒதுக்கிவிடலாம். தொடங்குபவர் உண்மையில் முட்டிக்கொள்வது வேறோர் இடத்தில்.

ஒரு நாள் காலை கதவைச் சாத்திவிட்டு உட்காருகிறார். கண்ணை மூடுகிறார். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது. இரண்டு மூச்சு. மூன்றாவது மூச்சுக்குள் நேற்று மேலதிகாரி சொன்ன ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. அதற்குத் தான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று மனம் வசனம் எழுதத் தொடங்குகிறது. அங்கிருந்து ஊதிய உயர்வு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், கேஸ் சிலிண்டர் பதிவு செய்தோமா என்ற சந்தேகம். கண் திறக்கும்போது ஐந்து நிமிடம் ஆகியிருக்கிறது. ‘எனக்கு மனம் ஒரு நிலையில் நிற்காது, தியானம் எனக்கு வராது’ என்று எழுந்துவிடுகிறார். தியானத்தைக் கைவிட்டவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் இந்த வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்.

இந்த வாக்கியத்தில்தான் பிழை இருக்கிறது. மனம் ஓடுவது அந்த ஒருவருடைய குறையே இல்லை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரின் கைபேசிக்கு நாளின் பல வேளைகளில் கேள்வி அனுப்பினார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா? வந்த பதில்களில் 46.9 விழுக்காடு, செய்யும் வேலையை விட்டு மனம் வேறெங்கோ இருந்ததைக் காட்டின. விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி! மனம் அலைந்த வேளைகளில் மகிழ்ச்சி குறைவாக இருந்ததும் தெரிந்தது.

அதைவிட ஆச்சரியமான சோதனை ஒன்று 2014இல் வெளிவந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமத்தி வில்சனும் குழுவினரும் ஆட்களை வெறும் அறையில் கைபேசி, புத்தகம் எதுவும் இல்லாமல் 15 நிமிடம் தனியாக உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு பொத்தான்; அழுத்தினால் லேசான மின்னதிர்ச்சி வரும். அதை முன்பே அனுபவித்துப் பார்த்து, ‘இது வேண்டாம், தவிர்க்கக் காசு கூடக் கொடுப்பேன்’ என்று சொன்னவர்கள்தான் கணக்கில் எடுக்கப்பட்டார்கள். அப்படிச் சொன்ன 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் அந்தக் கால் மணி நேரத்துக்குள் தாங்களே பொத்தானை அழுத்திக்கொண்டார்கள். சும்மா இருப்பது அவ்வளவு கடினம். முதல் நாளிலேயே ஐந்து நிமிடம் உட்கார்ந்தவர் எளிய காரியம் எதையும் செய்துவிடவில்லை.

அப்படியானால் தியானத்தில் நடப்பது என்ன? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹாசன்காம்ப் என்ற ஆய்வாளர் இதைப் படம் பிடித்தே பார்த்தார். தியானப் பழக்கம் உள்ள 14 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார். மனம் விலகிப் போயிருப்பதை உணரும் கணத்தில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு மூச்சுக்குத் திரும்ப வேண்டும். 2012இல் வெளியான அந்த ஆய்வு ஒரு வட்டத்தைக் காட்டியது. மனம் அலைகிறது, அலைந்ததை உணர்கிறது, கவனம் திரும்புகிறது, சிறிது நேரம் மூச்சில் நிலைக்கிறது, மறுபடி அலைகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் வேலை செய்தன. கவனிக்க வேண்டியது, அவர்கள் யாரும் புதியவர்கள் இல்லை. பழகியவர்களுக்கும் மனம் அலைந்தது; அவர்களும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினார்கள்.

தொடங்குபவருக்குச் சொல்ல வேண்டிய ஒரே செய்தியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘அட, எங்கோ போய்விட்டேனே’ என்று தெரியவரும் அந்தக் கணம்தான் பயிற்சியின் உயிர். சங்கீதம் கற்கும் பிள்ளைக்குக் குரல் சுருதியை விட்டு விலகும். விலகியதைக் காது பிடித்து மீண்டும் தம்பூராவோடு சேர்ப்பதைத்தான் ஆசிரியர் மாதக்கணக்கில் பழக்குகிறார். பத்து நிமிடத்தில் நாற்பது முறை மனம் ஓடி, நாற்பது முறையும் அதை உணர்ந்து திரும்பியவர் நாற்பது முறை பயிற்சி செய்திருக்கிறார். திரும்பும்போது தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம். திட்டுவதும் இன்னோர் எண்ணம்தான். அதன் பின்னாலும் மனம் ஓடும்.

இனி உட்காரும் விதம். இதில் தேவையில்லாத பயம் நிறைய இருக்கிறது. பத்மாசனம் கட்டாயம் இல்லை. தரையில் சம்மணமிட முடிந்தவர்கள் உட்காரும் இடத்துக்கு அடியில் மடித்த போர்வையையோ கெட்டியான தலையணையையோ வைத்து இடுப்பைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம். முழங்காலைவிட இடுப்பு உயரமாக இருந்தால் முதுகு தானாக நிமிரும், சாய்ந்து சரியாது. முழங்கால் வலி உள்ளவர்களும் வயதானவர்களும் நாற்காலியில் உட்காரலாம். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். முதுகு நாற்காலியில் சாயாமல் இருந்தால் நல்லது. விபாசனா முகாம்களிலும் தேவைப்படுவோருக்கு நாற்காலி தருகிறார்கள். கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால். மெதுவாகக் காலை மாற்றி வைத்துக்கொண்டு தொடரலாம். கூர்மையான வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் தொடக்கக்காரருக்கு எந்தப் பெருமையும் இல்லை.

மூச்சை எங்கே கவனிப்பது? கோயங்காவின் முறையில் மூக்குத் துவாரத்திலும் மேலுதட்டுக்கு மேலேயும் காற்று படும் இடத்தில். பர்மாவின் இன்னொரு பெரிய ஆசிரியரான மகாசி சயாதோ வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்கச் சொன்னார். ஜப்பானிய ஜென் மரபில் தொடக்கக்காரர்கள் மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நடுவில் எண் தவறினால் திரும்பவும் ஒன்று. மனம் மிகவும் அலைபாயும் ஆளுக்கு இந்த எண்ணிக்கை நல்ல கைப்பிடி. எதை எடுத்தாலும் சரி, சில வாரங்களுக்கு ஒன்றையே பிடித்துக்கொள்வது முக்கியம். திங்கள்கிழமை ஒரு முறை, புதன்கிழமை யூடியூபில் பார்த்த இன்னொரு முறை என்று மாறிக்கொண்டிருந்தால் எதுவும் வேர் பிடிக்காது.

மூச்சை மாற்ற வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிராணாயாமத்தில் மூச்சை இழுக்கவும் நிறுத்தவும் விடவும் கணக்கு உண்டு. திருமூலர் திருமந்திரத்தில் யோகத்தின் எட்டு அங்கங்களை விளக்கும்போது பிராணாயாமத்தையும் தியானத்தையும் தனித்தனி அங்கங்களாகவே வைக்கிறார். இங்கே செய்வது வந்த மூச்சை வந்தபடி அறிவது மட்டும். குட்டையாக வந்தால் குட்டை, நீளமாக வந்தால் நீளம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் சில சமயம் பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்கும் மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடும். அவர்கள் தரையில் பதிந்த உள்ளங்காலின் உணர்வைக் கவனிக்கலாம். காதில் விழும் ஒலிகளைக் கவனிக்கலாம். மெதுவாக நடந்து, ஒவ்வொரு அடி பதிவதையும் அறியலாம். மகாசி மரபில் நடையும் உட்காருதலும் சமமாகவே வைக்கப்பட்டிருக்கின்றன.

எவ்வளவு நேரம் என்பதில்தான் பலர் அகலக்கால் வைக்கிறார்கள். பத்து நாள் முகாம் முடிந்து வருபவரிடம் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். ஊருக்குத் திரும்பிய முதல் வாரம் உற்சாகத்தில் நடக்கும். பிறகு அலுவலகம், விருந்தாளி, திருமணம், காய்ச்சல். ஒரு மணி நேரம் கிடைக்காத நாளில் பத்து நிமிடமாவது உட்காரலாமே என்று தோன்றுவதில்லை. ‘நாளைக்கு முழுசாகச் செய்வோம்’ என்றே தோன்றுகிறது. அந்த நாளை வருவதே இல்லை. தீவிரமான முகாமுக்குப் போய் வந்து முழுவதுமாக விட்டுவிட்டவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி நடத்திய ஆய்வு இதற்கு உதவும். 96 பேர் ஆளுக்கொரு புதிய பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து, அன்றாடம் நடக்கும் ஏதாவது ஒரு செயலோடு அதை இணைத்து, 12 வாரம் செய்தார்கள். மதிய உணவோடு ஒரு பழம், காலை உணவுக்குப் பின் நடை என்பதுபோல. யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலை வர நடுவாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள். 21 நாளில் எந்தப் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! அந்த ஆய்வின் இன்னொரு முடிவு ஆறுதலானது: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

ஆகவே பத்து நிமிடம் போதும். அதுவும் அதிகம் என்றால் ஐந்து. தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு அதைக் கட்டிப்போட வேண்டும். பல் துலக்கிய பின், குளித்துவிட்டு விளக்கேற்றிய பின், தொழுகை முடிந்த பின், முதல் காபிக்கு முன் என்று ஏதேனும் ஒன்று. ‘நேரம் கிடைக்கும்போது’ என்பது ஒரு நேரமே இல்லை. கைபேசியில் அலாரம் வைத்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்துவிடலாம். இல்லாவிட்டால் எத்தனை நிமிடம் ஆனது என்று பார்க்கவே பாதிக் கவனம் போய்விடும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே உட்கார்ந்தால் தூக்கம் வரும். இரவு படுக்கையில் படுத்துக்கொண்டு செய்வது தூங்குவதற்கு நல்ல வழி. பழகுவதற்கு அது போதாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்லத் தோன்றுகிறது. அதிகாலையில் எழுந்து அமைதியாக உட்காருங்கள் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. அதிகாலை அமைதி யாருக்கு இருக்கிறது? நம் வீடுகளில் ஐந்து மணிக்கு எழும் பெண்ணுக்குப் பால், வாசல், சமையல், பிள்ளைகளின் டிபன் பாக்ஸ், மாமியாரின் மாத்திரை என்று வரிசை காத்திருக்கிறது. கணவர் கண்ணை மூடி உட்கார்ந்தால் ‘அப்பா தியானம் செய்கிறார், சத்தம் போடாதே’ என்று வீடு அடங்கும். அவள் உட்கார்ந்தால் ‘அம்மா, என் சாக்ஸ் எங்கே?’ என்று குரல் வரும். இது அவளுடைய மன உறுதி பற்றிய கேள்வியே இல்லை; வீட்டு வேலை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வி. இதைப் படிக்கும் ஆண்கள் தங்கள் பத்து நிமிடத்தைத் தொடங்கும் முன், அடுத்த பத்து நிமிடம் அடுப்படியைத் தாங்கள் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வது நல்லது. அது அமையும் வரை, எல்லோரும் கிளம்பிய பிறகு ஒன்பதரை மணிக்கு வரும் பத்து நிமிடமும் நல்ல நேரம்தான். வேலைக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால், இறங்கும் நிறுத்தம் வரை மூச்சோடு இருக்கலாம்.

சத்தம் என்பதும் அப்படித்தான். குக்கர் விசில், மிக்ஸி, எதிர்வீட்டுத் தொலைக்காட்சி, ஆடி மாத ஒலிபெருக்கி எல்லாம் ஓய்ந்த பிறகு உட்காரலாம் என்றால் தமிழ்நாட்டில் யாரும் உட்கார முடியாது. ஒலி வந்தால் ஒலி கேட்டது என்று அறிந்து மூச்சுக்குத் திரும்பினால் போதும். கோயங்கா 1975இல் ஜெய்ப்பூர் மத்தியச் சிறையில் முகாம் நடத்தினார். கிரண் பேடி பொறுப்பில் இருந்தபோது தில்லியின் திகார் சிறைக்குள் 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒன்றாகப் பத்து நாள் உட்கார்ந்தார்கள். நெரிசலுக்குப் பேர்போன சிறை அது. அமைதியான அறை இருந்தால் எளிது; இல்லாவிட்டாலும் நடக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

முதல் வாரங்களில் என்ன எதிர்பார்க்கலாம்? பெரும்பாலும் சலிப்பு. மூக்கில் அரிப்பு. தூக்கம். சில நாள் நெடுநாள் முன்பு நடந்த சண்டையின் கோபம் எங்கிருந்தோ கிளம்பி வரும். வெளிச்சம் தெரியவில்லையே, நெற்றியில் ஒன்றும் ஆகவில்லையே என்று ஏங்க வேண்டாம். அவை தெரிந்தாலும் அவற்றைப் பின்தொடர வேண்டாம் என்றே பெரும்பாலான ஆசிரியர்கள் சொல்கிறார்கள். மாற்றம் வந்தால் முதலில் உட்காரும் நேரத்துக்கு வெளியே தெரியும். பிள்ளையின் மேல் கத்த வாய் திறக்கும்போது, கோபம் ஏறுவது அரைக் கணம் முன்னதாகத் தெரியவரும். கத்தாமல் இருப்போம் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் தேர்வு செய்ய ஓர் இடைவெளி கிடைக்கிறது.

இதற்கு மருத்துவச் சான்று உண்டா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில் தர வேண்டும். ஏனென்றால் தியானம் சர்க்கரையைத் தீர்க்கும், புற்றுநோயைப் போக்கும் என்றெல்லாம் மேடையில் பேசுபவர்கள் இருக்கிறார்கள். மூலக்கூறு உயிரியல் படித்த ஜான் கபட்-ஜின், 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். நாள்பட்ட வலியோடு வாழ்ந்து, இனிச் செய்வதற்கு அதிகம் இல்லை என்று மருத்துவர்கள் சொல்லியிருந்த நோயாளிகளை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். பௌத்த மரபிலிருந்து எடுத்ததை மதச் சொற்கள் இல்லாமல் கற்பித்தார். அதன் பிறகு இதைப் பற்றிய ஆய்வுகள் பெருகின.

2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மாதவ் கோயலும் குழுவினரும் 3,515 பேர் பங்கேற்ற 47 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் சிறிய அளவிலிருந்து நடுத்தர அளவு வரை குறைவு தெரிந்தது. தூக்கம், உடல் எடை, கவனம் போன்றவற்றில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. உடற்பயிற்சி, மருந்து போன்ற சிகிச்சைகளைவிட மேல் என்பதற்கும் ஆதாரம் இல்லை. 2022இல் எலிசபெத் ஹோகி தலைமையில் பதற்ற நோய் உள்ள 276 பேரிடம் நடந்த சோதனையில், எட்டு வாரப் பயிற்சி எசிடலோபிராம் என்ற பரவலான மருந்துக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. ஆனால் அவர்களுக்குச் சொல்லப்பட்ட வீட்டுப் பயிற்சி தினமும் 45 நிமிடம். அதே ஆண்டில் பிரிட்டனின் 85 பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் வகுப்புப் பாடமாகவே இதைச் சொல்லிக்கொடுத்த ஆய்வு முடிவும் வந்தது. வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. பாடமாகத் திணித்தால் இது ஏறாது என்றுதான் இதைப் புரிந்துகொள்ளத் தோன்றுகிறது.

எச்சரிக்கையும் வேண்டும். பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தியானத்தின்போது கடினமான அனுபவங்களுக்கு ஆளான சுமார் 60 பேரின் பேட்டிகள் இருக்கின்றன. பயம், தூக்கமின்மை, தன்னை விட்டு விலகிய உணர்வு என்று பல. அவர்களில் பலர் நீண்ட மௌன முகாம்களில் இருந்தவர்கள். கடுமையான மனச்சோர்வு, மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு உள்ளவர்களும், அண்மையில் பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தவர்களும் தங்கள் மனநல மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். பத்து நாள் முகாமுக்கான விண்ணப்பத்தில் மனநோய் பற்றிய கேள்விகள் இருப்பது சம்பிரதாயத்துக்காக இல்லை. அதில் உண்மையை மறைக்கக் கூடாது. மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்தச் சொல்லும் ‘குரு’ யாராக இருந்தாலும் அவரிடமிருந்து விலகி வந்துவிட வேண்டும். உட்காரும்போது மூச்சு முட்டுவதுபோல் பயம் ஏறினால் கண்ணைத் திறந்து, எழுந்து, தண்ணீர் குடித்து, வீட்டில் ஒருவரோடு பேசலாம். அந்த நாளின் பயிற்சி அத்தோடு முடிந்தது. அதில் தோல்வி எதுவும் இல்லை.

செயலிகளைப் பற்றியும் கேட்பார்கள். முதல் வாரத்தில் ஒரு குரல் கூடவே வருவது பலருக்கு உதவுகிறது. ஆனால் உட்காரவேண்டிய நேரம் செயலியில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தேடுவதிலேயே போவதும் உண்டு. ஒரு பதிவைத் தேர்ந்தெடுத்து அதையே கேட்டு, சில வாரங்களில் அதையும் விட்டுவிடுவது நல்லது. பணம் அதிகம் கேட்கும் வகுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை: விபாசனா முகாமில் தங்கவும் உண்ணவும் கற்கவும் கட்டணம் கிடையாது, முடித்துப் போகிறவர்கள் விரும்பிக் கொடுக்கும் நன்கொடையில் அடுத்தவர்களுக்கு நடக்கிறது. இலவசமாக இவ்வளவு கிடைக்கும்போது, ‘ரகசிய’ மந்திரத்துக்குப் பல்லாயிரம் கேட்பவரிடம் போக வேண்டிய அவசியம் என்ன?

தனியாகப் பழகுவதைவிடக் கூட்டாகப் பழகுவது பலருக்கு எளிது. நான்கு பேர் சுற்றி அசையாமல் இருக்கும்போது, எழுந்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலும் உடம்பு எழுவதில்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் மனவளக்கலை மன்றங்கள் இருக்கின்றன. ஆழியாறு அவர்களுடைய தலைமையிடம். அங்கே புருவ மத்தியில் கவனம் வைக்கும் தவத்தில் தொடங்குவார்கள். திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் பழைய ஹாலில் யாரும் எதுவும் கற்பிப்பதில்லை. போகிறவர்கள் பேசாமல் உட்கார்ந்து வருகிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் பக்கத்து வீட்டு நண்பரோடு மொட்டை மாடியில் உட்கார்ந்தால் அதுவும் கூட்டுத் தியானம்தான்.

ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து நேரத்தைக் கூட்டலாமா என்ற கேள்வி வரும். அலாரம் அடித்த பிறகும் எழ மனமில்லாமல் இருக்கும் நாட்கள் அடிக்கடி வந்தால் 15 நிமிடம் ஆக்கலாம், பிறகு 20. வராவிட்டால் பத்திலேயே இருக்கலாம். இடையில் வாரக்கணக்கில் விட்டுப்போயிருந்தால், விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து இன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்ட முயல வேண்டாம். பழைய பத்து நிமிடத்திலிருந்தே தொடரலாம்.

அதற்குப் பிறகு ஆழமாகப் போக விரும்புபவர்களுக்குப் பத்து நாள் முகாம் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்தில் அவை நடக்கின்றன. அதிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நான்கரைக்கு முதல் தியானம். நாள் முழுக்கப் பத்து மணி நேரத்துக்கு மேல் பயிற்சி. பேச்சு, கைபேசி, புத்தகம் எதுவும் கிடையாது. மாலையில் புதியவர்களுக்குப் பழமும் தேநீரும் மட்டும். பாதியில் கிளம்புவதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் சேர வேண்டும். முதல் மூன்று நாளும் அங்கே சொல்லிக்கொடுப்பது மூக்கு நுனியில் வந்துபோகும் மூச்சைக் கவனிப்பதுதான். வீட்டில் சில மாதம் இதையே பத்துப் பத்து நிமிடமாகப் பழகியவருக்கு அந்த மூன்று நாளில் கால்வலியை மட்டும் சமாளித்தால் போதும்.